எட்டு நாள் வெறும் கடல்தானா?

களுவாஞ்சிக்குடியில் படிப்பிக்கும் ஒரு ரீச்சர் கேட்டிருக்கிறார். நோர்வேயில் இருக்கும் அண்ணன் தன் ஐம்பதாவது பிறந்தநாளை ஒட்டி அம்மாவையும் தங்கச்சியையும் அந்தாட்டிக்காப் பக்கம் கப்பலில் கூட்டிப்போகப் போகிறாராம். கையில் இரண்டு திட்டம் இருக்கிறது. ஒன்று பத்து நாள், அந்தாட்டிக்கா மட்டும். மற்றது இருபது நாள், தென் அத்திலாந்திக் கடலில் இருக்கும் போக்லாந்து தீவுகளும் தென் ஜோர்ஜியாத் தீவும் சேர்ந்தது. அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் நோ இருக்கிறது, கல்முனை பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும். "இருபது நாளில் எட்டு நாள் வெறும் கடல்தானே, அதற்கு ஏன் இவ்வளவு காசு? எந்த மாதம் போவது? அம்மாவால் முடியுமா?" இவைதான் கேள்விகள்.

தங்கச்சி, நான் கல்லடிக் கரைவலைக்காரர் ஒருவரின் மகன். பதினொரு பருவம் அந்தத் தென்கடல் கப்பல்களில் டெக் வேலை பார்த்தேன். ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோகும் ரப்பர் படகு ஓட்டுவதும் என் வேலைதான். ஆகவே பதிலை முதலே சொல்லிவிடுகிறேன்: இருபது நாள் பயணத்தை எடுங்கள். இப்போது காசு எட்டாவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் பொறுத்துப் போங்கள். நீங்கள் போவது பறவைகளையும் மிருகங்களையும் பார்க்க என்றால், தீவுகளை விட்டுவிட்டு வருவது கொக்கட்டிச்சோலைக்குப் போய்த் தேரைப் பார்க்காமல் திரும்புவது மாதிரி.

ஏன் என்பதற்கு நம் முகத்துவாரத்தை நினைத்துப் பாருங்கள். மாரியில் வாவி நிரம்பி வாய் திறக்கும் நாளில் அங்கே நின்றிருக்கிறீர்களா? கலங்கிய வாவித் தண்ணீர் ஒரு பக்கம், நீலக் கடல் ஒரு பக்கம். இரண்டும் மோதும் கோட்டில்தான் மீன் துள்ளும். வீச்சுவலைக்காரர் அங்கேதான் நிற்பார்கள், ஆலாக்கள் அங்கேதான் விழுந்து விழுந்து எழும்பும். இரண்டு தண்ணீர் சேரும் இடத்தில் இரை இருக்கும் என்று எங்கள் அப்பா எனக்குச் சொன்ன காலத்தில் எனக்கு எட்டு வயது. அதே விஷயத்தைப் பூமியைச் சுற்றி ஒரு வளையமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுதான் தென்கடல்.

அந்தாட்டிக்காவிலிருந்து வடக்கே வரும் குளிர்ந்த நீர், வடக்கிலிருந்து வரும் சற்றுச் சூடான நீரைச் சந்தித்து அதற்குக் கீழே இறங்கும். போக்லாந்திலிருந்து தென் ஜோர்ஜியாவுக்குப் போகும் வழியில் இந்தக் கோட்டைக் கப்பல் தாண்டும். கண்ணுக்குக் கோடு எதுவும் தெரியாது. மூக்கு நுனி சில்லிடும், புகார் இறங்கும், சில மணி நேரத்துக்குள் கடலின் வெப்பம் இரண்டு மூன்று பாகை குறைந்துவிடும். டெக்கில் நிற்கும் பறவைப் பைத்தியங்கள் மட்டும் சத்தம் போடத் தொடங்குவார்கள், ஏனென்றால் பறவைகள் மாறும். அந்தக் கோட்டுக்குத் தெற்கே ஆழத்து நீர் சத்தைச் சுமந்துகொண்டு மேலே எழுகிறது. அதில் நுண்பாசி வளரும். பாசியைத் தின்ன கிரில் வரும்.

கிரில் என்றால் நம் கூனி இறால் மாதிரி ஒரு சாதி. ஆனால் ஆறு சென்ரிமீற்றர் வரை வளரும், ஐந்தாறு வருஷம் உயிர் வாழும், கடலையே செம்மண் நிறமாக்கும் அளவுக்குக் கூட்டமாகப் போகும். திமிங்கிலம், பென்குயின், சீல், கடற்பறவை என்று பெரும்பாலானவற்றின் சோறும் கடைசியில் இந்தக் கூனியில் போய் முடியும். அதன் குஞ்சுகள் குளிர்காலத்தில் கடற்பனிக்கு அடியில் ஒட்டியிருக்கும் பாசியைச் சுரண்டித் தின்றுதான் தப்புகின்றன. கடற்பனி குறைந்தால் கிரில் குறையும் என்ற பயம் அதனால்தான்.

இப்போது அந்தாட்டிக்காத் தரையைப் பாருங்கள். அந்தப் பெரிய கண்டத்தில் பனி மூடாத நிலம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முழுக்க முழுக்கத் தரையிலேயே வாழும் அதன் ஆகப் பெரிய பிராணி எது தெரியுமா? இறக்கை இல்லாத ஒரு கொசு வகை, சில மில்லிமீற்றர் நீளம். மற்றப் பெரிய பிராணிகள் எல்லாமே கடலில் தின்று, குட்டி போடவும் முட்டை இடவும் மட்டும் கரைக்கு வருபவை. கரை வேண்டும், அதுவும் பனியில்லாத கரை, அதுவும் இரை இருக்கும் கடலுக்குப் பக்கத்தில். இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த இடம் தென் ஜோர்ஜியா. 170 கிலோமீற்றர் நீளமான ஒல்லித் தீவு, நடுவில் 2,900 மீற்றருக்கு மேல் எழும்பும் மலை. நம் பேதுருதாலகாலையைவிட உயரம், கடலிலிருந்து நேரே எழும்பியது. அதனால்தான் அங்கே அத்தனை உயிர்களும் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன.

சென் அன்ட்ரூஸ் குடா என்று ஓர் இடம். நான் முதன்முதல் அங்கே படகு இறக்கிய நாளைச் சொல்கிறேன். அது திறந்த கரை, கல்லடிக் கடற்கரை மாதிரி அலை நேரே வந்து உடையும். மற்ற ஓட்டிகள் தயங்கினார்கள். எனக்கு அப்பா தோணியைக் கரைக்கு எடுத்த விதம் தெரியும்: அவசரப்படாமல் வெளியே நின்று அலையை எண்ணுவது, பெரியவை அடுத்தடுத்துப் போனபின் வரும் அமைதியில் உள்ளே நுழைவது. அன்று பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு அப்படியே செய்தேன். படகு கரை தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் மணல் தெரியவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம், பின்னால் பனியாறு தொடங்கும் இடம் வரை, அரசப் பென்குயின். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சோடி அங்கே குடியிருக்கின்றன. குமணையில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும் காலத்தில் மரம் வெள்ளையாகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஆயிரம் மடங்காக்கித் தரையில் நிறுத்தினால் கொஞ்சம் பிடிபடும்.

வாடை முதலில் அடிக்கும். வாகரைப் பக்கம் கருவாட்டு வாடியைக் கடந்து போனவர்களுக்கு அது புதிதாக இருக்காது, பத்து நிமிஷத்தில் மூக்கு பழகிவிடும். சத்தம்தான் பழகாது. ஒவ்வொரு பறவையும் தலையை வானத்துக்கு நீட்டி நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்ப்பது போல ஊதும். அதன் குரலில் இரண்டு சுருதி ஒரே நேரத்தில் ஒலிக்கும். அந்த இரட்டைச் சுருதியின் அசைவை வைத்துத்தான் இத்தனை ஆயிரத்துக்குள் குஞ்சு தன் தாயையும் தகப்பனையும் கண்டுபிடிக்கிறது. கடலிலிருந்து வரும் தாய் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கூப்பிடும். எங்கோ நடுவில் கபில நிறக் கம்பளி போர்த்தியது போல நிற்கும் ஒரு குஞ்சு மட்டும் தலையைத் தூக்கி ஓடி வரும். மற்றவை அசையாது. பல வருஷம் பார்த்தும் அந்த ஓட்டத்தைப் பார்க்கும்போது என் தொண்டை அடைக்கும்.

இந்த அரசப் பென்குயின் முட்டையை ஐம்பது நாளுக்கு மேல் பாதத்தின் மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு நிற்கும். தாயும் தகப்பனும் மாறி மாறி. ஒரு குஞ்சை வளர்த்து முடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் பிடிக்கும், அதனால் எந்த மாதம் போனாலும் முட்டையோ குஞ்சோ ஏதோ ஒன்று இருக்கும். அதன் இரை பெரும்பாலும் ஆழத்தில் இருக்கும் சின்ன ஒளிமீன். அதைத் தேடி அது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நீந்திப் போவது எங்கே? நான் முதலில் சொன்ன அந்தத் தண்ணீர் சேரும் கோட்டுக்கு. அப்பா சொன்னதைப் பென்குயினும் அறிந்து வைத்திருக்கிறது.

அதே கரையில் யானைச் சீல்கள் கிடக்கும். முழுதாக வளர்ந்த ஆண் நாலு தொன் வரை வரும், நம் காட்டு யானையின் பாரம். ஆயிரத்து ஐந்நூறு மீற்றருக்குக் கீழேயும் மூழ்கும். ஒக்டோபர், நவம்பரில் ஆண்கள் கரைக்காக மல்லுக்கட்டும். மற்றது உரோமச் சீல். அழகான பிராணி, ஆனால் டிசம்பரில் ஆணுக்குக் கோபம் அதிகம். பாய்ந்து வந்தால் ஓடக்கூடாது. நின்ற இடத்தில் நின்று கையை அகல விரித்துப் பெரிய ஆளாகத் தெரிய வேண்டும், அது நின்றுவிடும். நான் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லித்தான் ஆட்களை இறக்குவேன். தோலுக்காக அடித்து அழித்து, நூறு வருஷத்துக்கு மேல் முன்பே ஏறத்தாழ இல்லாமலே போன சாதி இது. இன்று உலகில் இருப்பவற்றில் மிகப் பெரும் பகுதி இந்த ஒரே தீவில்தான்.

அழித்த கதையையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். கிறிட்விக்கன் என்ற இடத்தில் 1904இல் திமிங்கில ஆலை தொடங்கினார்கள். அறுபது வருஷத்தில் அந்தத் தீவின் ஆலைகளில் மட்டும் 1,75,000 திமிங்கிலங்களுக்கு மேல் வெட்டி உருக்கினார்கள், எண்ணெய்க்காக. கொதிகலன்கள் துருப்பிடித்து இன்னும் நிற்கின்றன. அதற்குப் பக்கத்துச் சின்ன மயானத்தில்தான் அந்தாட்டிக்காப் பயணத் தலைவர் ஷாக்கில்டன் கிடக்கிறார், 1916இல் ஒரு சின்ன மரப்படகில் அந்தாட்டிக்கா ஓரத்து யானைத் தீவிலிருந்து 1,300 கிலோமீற்றர் கடலைத் தாண்டி வந்து, விட்டுவந்த 22 பேரையும் உயிரோடு மீட்டவர். கப்பல் ஆட்கள் அவருக்கு நிறையப் பேச்சுப் பேசுவார்கள். எனக்கு அந்த மயானத்தைவிட அதன் வேலியில் இருந்து பாடும் ஒரு சின்னப் பறவைதான் பெரிது. தென் ஜோர்ஜியாவின் நெட்டைக்காலி. உலகில் ஆகத் தெற்கே வாழும் பாட்டுப்பறவை, வேறெங்கும் கிடையாது. கப்பல்களோடு வந்து இறங்கிய எலிகள் அதன் முட்டையையும் குஞ்சையும் தின்று பெரும்பாலான கரைகளில் அதை இல்லாமல் ஆக்கிவிட்டன. 2011 தொடக்கம் ஹெலிகொப்டரில் மருந்துத் தீனி தூவி, பிறகு மோப்ப நாய்களை விட்டுத் தேடி, 2018இல் தீவில் ஓர் எலியும் இல்லை என்று அறிவித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கிறிட்விக்கனில் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. கடைசிப் பருவத்தில் படகில் காத்திருந்தபோது கேட்டேன்.

திமிங்கிலமும் திரும்புகிறது. 2020இல் ஆய்வாளர்கள் தென் ஜோர்ஜியாவைச் சுற்றி 23 நாளில் ஐம்பதுக்கு மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களை எண்ணினார்கள். அதற்கு முன்பு வருஷக்கணக்கில் ஒன்றைக் காண்பதே அதிசயமாக இருந்த கடல்.

போக்லாந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதை வழியில் தங்கும் மடம் போல நினைக்கிறார்கள். கருப்புப் புருவ அல்பட்ரோஸ் என்ற பறவையில் உலகில் இருப்பவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கேதான் கூடு கட்டுகிறது. சேற்றால் குடம் வனைந்தது போன்ற கூடு, அதன் பக்கத்திலேயே குதித்துக் குதித்து மலையேறும் ராக்ஹொப்பர் பென்குயின். ஸ்டான்லி நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை மணல் கடற்கரை உண்டு. பிரித்தானியாவும் ஆர்ஜென்டினாவும் மோதிய 1982 போரில் அங்கே கண்ணிவெடி புதைத்தார்கள். கிட்டத்தட்ட நாற்பது வருஷம் வேலி போட்டுச் சிவப்பு மண்டையோட்டுப் பலகை தொங்கியது. பென்குயினின் பாரத்துக்கு வெடி வெடிக்கவில்லை, மனிதன் உள்ளே போகவும் இல்லை, அவை நிம்மதியாகப் பெருகின. 2020 நவம்பரில் கடைசி வெடியையும் எடுத்து முடித்தார்கள். நானும் என்னோடு வேலை செய்த ஒரு கிளிநொச்சிப் பொடியனும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். எங்கள் இரண்டு பேருக்கும் அதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

பிறகு அந்தாட்டிக்கா. அதைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பனிமலைகளின் நீலத்தை எந்தப் படமும் பிடிக்காது, லெமெயர் கால்வாயில் கப்பல் இரண்டு மலைக்கு நடுவே நுழையும்போது எல்லோரும் தானாகவே குரலைத் தாழ்த்துவார்கள். ஜென்டூ, சின்ஸ்ட்ராப், அடேலி என்று மூன்று பென்குயின் பார்க்கலாம். ஜென்டூ சின்னச் சின்னக் கல்லைப் பொறுக்கிக் கூடு கட்டும், பக்கத்து வீட்டுக் கல்லையும் திருடும். பனித்தட்டில் சிறுத்தைச் சீல் படுத்திருக்கும், தோலில் இருக்கும் புள்ளிகளைப் பார்த்தால் பெயர் ஏன் வந்தது என்று விளங்கும். பெப்ரவரியில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள். ஒரு நாள் வில்ஹெல்மினா விரிகுடாவில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். பக்கத்தில் ஒன்று மூச்சுவிட்டது, அந்த நீராவி எங்கள் முகத்தில் விழுந்தது. அழுகிய கூனி வாடை. படகில் இருந்த ஒரு வயதான அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

அடுத்தது மாதம். பொதுவாக நவம்பர் முதல் மார்ச் வரைதான் பருவம், அங்கே அது கோடை. நவம்பரில் பனி புதிதாக இருக்கும், யானைச் சீல் சண்டை பார்க்கலாம், திமிங்கிலம் குறைவு. டிசம்பர், ஜனவரியில் வெளிச்சம் ஓயாது, பென்குயின் குஞ்சு பொரிக்கும், ஆனால் உரோமச் சீல் கரையை அடைத்துக்கொண்டு சில இடங்களில் இறங்கவே விடாது. உங்களுக்கு டிசம்பர் விடுமுறை வசதி என்று தெரியும். இருந்தாலும் அம்மாவை நினைத்தால் ஜனவரிக் கடைசியில் புறப்படும் பயணத்தைத்தான் சொல்வேன். இறங்கும் இடங்களில் பனி உருகி நடக்க லேசாக இருக்கும். உரோமச் சீல் குட்டிகள் நாய்க்குட்டி மாதிரி விளையாடும். திமிங்கிலம் பார்க்க அம்மா ஓர் அடிகூட நடக்கத் தேவையில்லை, டெக்கிலேயே கதிரை போட்டு இருக்கலாம். லீவு எடுக்க முடிந்தால் எடுங்கள்.

கப்பல் சின்னதாக இருக்க வேண்டும். அந்தாட்டிக்காவில் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது என்பது விதி. 500 பேருக்கு மேல் ஏற்றும் கப்பல் ஆட்களை இறக்கவே முடியாது. இருநூறு பேர் கப்பல் என்றால் பாதிப் பேர் கரையில், பாதிப் பேர் காத்திருப்பில். நூறு பேர் கப்பலில் உங்கள் நேரம் முழுவதும் உங்களுக்கு. 1991இல் தொடங்கிய அந்தாட்டிக்காப் பயண நிறுவனங்களின் சங்கத்தில் அந்தக் கம்பனி உறுப்பா என்று கட்டாயம் கேளுங்கள். இப்போது ஒரு பருவத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே போகிறார்கள். போகும் ஒவ்வொருவரும் கவனமாக இருந்தால்தான் அந்த இடம் தாங்கும்.

கவனம் என்றால் உண்மையிலேயே கவனம். பென்குயினுக்கு ஐந்து மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், அது தானாக உங்களை நோக்கி நடந்து வந்தால் நீங்கள் அசையாமல் நிற்கலாம். கரைக்கு ஒரு பிஸ்கட்கூடக் கொண்டுபோக முடியாது. சப்பாத்து, பை, காற்சட்டை ஓரம் எல்லாவற்றையும் துலக்கி, ஒட்டுப்பட்டியில் சிக்கிய புல் விதையை ஊசியால் குத்தி எடுப்பார்கள். தென் ஜோர்ஜியாவில் அரசாங்க அதிகாரி கப்பலுக்கு வந்து சோதிப்பார். 2023 ஒக்டோபரில் பறவைக் காய்ச்சல் அந்தத் தீவுக்கும், அடுத்த பெப்ரவரியில் அந்தாட்டிக்காவுக்கும் வந்துவிட்டது. பறவைகளும் சீல்களும் செத்தன. அதிலிருந்து தரையில் இருக்கவோ, முழங்கால் ஊன்றவோ, பையை வைக்கவோ கூடாது. சில கரைகளை மூடியும் வைப்பார்கள். அப்படி மூடினால் கோபப்படாதீர்கள்.

அம்மாவைப் பற்றி. முழங்கால் நோவோடு வந்த எத்தனையோ பேரை நான் கையைப் பிடித்து இறக்கியிருக்கிறேன். கப்பல் பக்கத்தில் தொங்கும் ஏணிப்படி பத்துப் பதினைந்து படி இருக்கும், பிறகு ஆடும் படகுக்குள் ஓர் அடி. உள்ளங்கையைப் பிடிப்பதில்லை, மணிக்கட்டுக்கு மேலே ஒருவரை ஒருவர் பிடிப்போம், வழுக்காது. வீட்டில் இப்போதிருந்தே மாடிப்படி ஏறி இறங்கிப் பழகட்டும். கரையில் மலசலகூடம் கிடையாது, அவசரம் என்றால் படகில் திரும்பி வர வேண்டும், அதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லிவையுங்கள். கரைக்கு இறங்க முடியாத நாளில் படகிலேயே இருந்து சுற்றிப் பார்க்கலாம், பல நாள் அதுதான் சிறப்பு.

தலைசுற்றுக்கு வைத்தியரிடம் கேட்டு மாத்திரை வாங்குங்கள், கடல் குலுங்குவதற்கு முதலே போட வேண்டும், சத்தி தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. அறை கீழ்த்தட்டில், கப்பலின் நடுப்பகுதியில் எடுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு, விலையும் குறைவு. வெறும் வயிற்றோடு இருக்கக்கூடாது. கடற்காரன் மகனான நானும் முதல் தடவை டிரேக் நீரிணையில் ஒன்றரை நாள் படுத்த படுக்கை. தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹோர்னுக்குத் தெற்கே 800 கிலோமீற்றர் அகலம், அந்த அகலாங்கில் பூமியைச் சுற்றி வந்தாலும் காற்றை மறிக்க ஒரு கரையும் இல்லை. நம் கச்சான் காற்றுக்கு மலையாவது குறுக்கே நிற்கிறது. சில முறை டிரேக் குளம் போலக் கிடக்கும், சில முறை எட்டுப் பத்து மீற்றர் அலை. மூன்றாம் நாள் அநேகமாக எல்லோரும் எழும்பிவிடுவார்கள். போக்லாந்து வழியாகப் போகும் பயணத்தில் முதல் பாதி மேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டித்தான் போகும், அதனால் உடம்பு மெல்லப் பழகும். இதுவும் இருபது நாளை எடுக்க ஒரு காரணம்.

குளிருக்குப் பயப்பட வேண்டாம். அங்கே கோடையில் பூச்சியத்தை ஒட்டி இரண்டு மூன்று பாகை மேலே கீழே இருக்கும். நனைவதும் காற்றும்தான் வாட்டும். உள்ளே ஒட்டிய உள்ளாடை, நடுவில் கம்பளி, வெளியே நீர் புகாத காற்சட்டை. பூட்ஸும் ஜக்கற்றும் பெரும்பாலான கப்பல்களில் தருவார்கள். காசு, ஒருவருக்குப் பத்தாயிரம் அமெரிக்க டொலருக்கு மேல் நிச்சயம் போகும், விமானம் வேறு. அவசரத்துக்கு விமானத்தில் ஏற்றும் மருத்துவக் காப்புறுதி இல்லாமல் ஏற்றமாட்டார்கள். உங்கள் கடவுச்சீட்டு இலங்கையுடையது என்பதால் ஆர்ஜென்டினா விசா வேண்டும், அதுவும் ஒரு தடவைக்கு மேல் நுழையக்கூடியது, ஏனென்றால் கப்பல் புறப்படும் ஆர்ஜென்டினாத் துறைமுகமான உஷுவாயாவிலிருந்து வெளியேறி உஷுவாயாவுக்கே திரும்புவீர்கள். அண்ணனுக்கு நோர்வே கடவுச்சீட்டு இருந்தால் அவருக்கு இந்தச் சிக்கல் தெரியாது. முற்பணம் கட்டுவதற்கு முதல் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி அந்த எட்டு நாள்.

கப்பலின் பின்டெக்கில் காற்றுக்கு மறைவாக ஒரு மூலை இருக்கும். அங்கே போய் நில்லுங்கள். முதல் நாளே அலைந்து திரியும் அல்பட்ரோஸ் வரும். இறக்கை விரித்தால் மூன்றரை மீற்றர் வரை, அதாவது இரண்டு ஆள் கையை நீட்டிப் படுத்த நீளம். ஒரு மணி நேரம் பாருங்கள், ஒரு தடவைகூட இறக்கை அடிக்காது. தோளில் ஒரு தசைநாண் பூட்டுப் போலப் பிடித்துக்கொள்வதால் விரித்து வைத்திருக்க அதற்குச் சிரமமே இல்லை. அலையை ஒட்டிய காற்று மெதுவானது, மேலே போகப் போக வேகம். அது காற்றை எதிர்த்து மேலேறும், உச்சியில் திரும்பும், காற்றோடு சரிந்து இறங்கும், மறுபடி ஏறும். அப்படியே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்.

அந்தப் பறவையைக் கொன்றுகொண்டிருப்பது நம்மைப் போன்ற கடற்காரர்தான் என்பதையும் அங்கே நின்றுதான் அறிந்தேன். ஆயிரக்கணக்கான தூண்டில் கட்டிய நீளக் கயிற்றை விடும்போது, மிதக்கும் இரையை விழுங்கி அதோடு மூழ்கிச் சாகின்றன. தென் ஜோர்ஜியாக் கடலில் இரவில் மட்டும் தூண்டில் விடுவது, கயிற்றுக்குப் பாரம் கட்டுவது, படகின் பின்னால் நிறத் துணிப்பட்டிகளைப் பறக்க விடுவது, பறவை கூடு கட்டும் காலத்தில் மீன்பிடியை நிறுத்துவது என்று கட்டாயமாக்கிய பிறகு அங்கே சாவு அநேகமாக நின்றே போனது. மற்றக் கடல்களுக்குப் பறந்துபோய்த்தான் இன்னும் சாகின்றன. வாழைச்சேனைத் துறைமுகத்தில் சூரைக்குப் போகும் ஆட்களிடம் இதை நான் சொல்லாத மாதமில்லை.

அம்மாவுக்கு நீங்கள் காட்ட வேண்டியது இன்னொன்று. கப்பல் கிழித்த தண்ணீரில் கருப்பாக, வாலடியில் வெள்ளைப் பட்டையோடு, நாற்பது கிராம்கூடத் தேறாத ஒரு சின்னப் பறவை கால் இரண்டையும் தொங்கவிட்டுத் தண்ணீரில் நடப்பது போலத் தத்தித் தத்தி இரை பொறுக்கும். வில்சன் பெட்ரல் என்பார்கள். அந்தாட்டிக்காப் பாறை இடுக்குகளில் ஒரே ஒரு முட்டை இடும். அங்கே குளிர் இறங்கியதும் வடக்கே புறப்பட்டு இந்து சமுத்திரத்துக்கு வரும், நம் நாட்டைச் சுற்றியுள்ள கடலுக்கும் வரும். உகந்தை முருகன் கோவில் பாறையில் நின்று நேர் தெற்கே பார்த்தால் 8,000 கிலோமீற்றருக்கு ஒரு திட்டுத் தரையும் கிடையாது, அடுத்த கரை பனிக்கரைதான். அந்த வெளி முழுவதும் இதற்கு வீட்டு முற்றம்.

ஒரு ஆடி மாதம் லீவில் வந்திருந்தபோது கூட்டாளியின் ஆழ்கடல் படகில் போனேன். நாலாம் நாள் விடியற்காலை, வலை கழுவிய தண்ணீரில் இதே பறவைகள் ஏழெட்டு நடந்துகொண்டிருந்தன. கூட்டாளி, "இது எந்த நாளும் வாறதுதானே, மறுகா போயிடும்" என்றான். எங்கே போகும் என்று அவனுக்குச் சொன்னேன். அவன் கையில் இருந்த தேத்தண்ணி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆளுக்கொரு தொலைநோக்கி வாங்குங்கள், எட்டு மடங்கு பெருக்குவது போதும், அதற்கு மேல் என்றால் ஆடும் கப்பலில் படம் நிற்காது. அம்மாவுக்குத் தனியாக ஒன்று.